தூது போனவரின் குறிப்பும் எங்கள் குறிப்பும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட சிறப்புரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "நீரிழிவு பற்றியோ, பெண்களின் ஆரோக்கியம் பற்றியோ அரை மணித்தியாலம் பேசுங்கள்" என்றார். ஒரு வைத்தியரைக் கூப்பிட்டால் அதைத்தான் கேட்பார்கள். நான் அவரிடம் ஒரு சலுகை கேட்டேன். "அக்கா, நீரிழிவு பற்றி கிளினிக்கில் தினமும் பேசுகிறேன். நூற்றாண்டு ஒருமுறைதான் வருகிறது. நான் வாசித்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச விடுங்கள்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "சரி, ஆனால் நீட்ட வேண்டாம்" என்றார். முயற்சி செய்கிறேன்.

அந்தப் புத்தகம் ஓர் இராஜதந்திரியின் நினைவுக் குறிப்பு. பெயர் 'அசைன்மென்ட் கொலம்போ'. எழுதியவர் ஜே. என். டிக்சித். 1985 முதல் 1989 வரை கொழும்பில் இந்திய உயர் ஸ்தானிகராக இருந்தவர். 1998இல் நூல் வெளிவந்தது. கொழும்புப் பணிக்குப் பிற்பாடு அவர் இந்திய வெளிநாட்டுச் செயலாளராகவும், இறுதியில் பிரதமரின் தேசிய பாதுகாப்பு ஆலோசகராகவும் பணியாற்றி, 2005 ஜனவரியில் காலமானார். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் நினைவிருக்கும். அந்நாளில் கொழும்புப் பத்திரிகைகள் அவரை 'வைஸ்ராய்' என்று கேலியாக எழுதின.

நான் ஏன் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன் என்பதைச் சொல்ல, ஒரு பழைய நாளுக்குப் போக வேண்டும். 1987 ஜூலை 29. ஆடி மாதம், வெயில் கொளுத்திய காலம். எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பாவின் வானொலியைச் சுற்றி அயலவர் பத்துப் பேராவது கூடியிருந்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்றார்கள். எனக்கு ஒப்பந்தம் என்றால் என்னவென்று விளங்கவில்லை. பெரியவர்கள் சிரித்தார்கள், அதனால் நல்லது என்று நினைத்தேன். அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஆரு ஆரோட ஒப்பந்தம் செஞ்ச?" என்று கேட்டா. அப்பா, "இந்தியாவும் இலங்கையும்" என்றார். "அப்ப நம்மள எங்க?" என்று கேட்டுவிட்டு, அம்மம்மா அடுப்படிக்குப் போய்விட்டா.

அந்தக் கேள்வி எனக்குள் பல வருடம் கிடந்தது. மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இருந்தபோது, பழைய புத்தகக் கடையொன்றில் டிக்சித்தின் நூல் கிடைத்தது. பரீட்சைப் பெறுபேறு ஒட்டிய பலகையில் எமது சுட்டெண்ணைத் தேடுவோமே, அப்படித்தான் அதைப் புரட்டினேன். கிழக்கு மாகாணம் வருகிறதா? அம்பாறை வருகிறதா? நாங்கள் வருகிறோமா?

சகோதரிகளே, ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை எப்படி உருவாகிறது என்பதை இந்த வகைப் புத்தகங்களைப்போல வேறெதுவும் காட்டாது. பாடப்புத்தகத்தில் 'அணிசேராக் கொள்கை', 'அயலுறவுக் கொள்கை' என்று தலைப்புகள் இருக்கும். அவை ஒரு மண்டபத்தில் ஒரே நாளில் தீர்மானித்தவைபோலத் தோன்றும். உண்மையில் ஒரு தூதரகத்திலிருந்து தந்தி போகிறது. தலைநகரில் ஒரு செயலாளர் அதைச் சுருக்கி அமைச்சருக்கு எழுதுகிறார். உளவுத்துறை வேறொன்றைச் சொல்கிறது, படைத்தளபதி இன்னொன்றைச் சொல்கிறார். தேர்தல் நெருங்குகிறதா என்று கட்சி பார்க்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பிரதமர் இரவு பதினொரு மணிக்கு முடிவெடுக்கிறார். அதைத்தான் நாங்கள் மறுநாள் காலை வானொலியில் 'கொள்கை' என்று கேட்கிறோம்.

1980களில் இந்தியாவுக்கு இலங்கை பற்றிப் பல கவலைகள் இருந்தன. 1983 ஜூலைக் கலவரத்தின்பின் ஆயிரக்கணக்கான அகதிகள் படகேறிப் போனார்கள், தமிழ்நாடு கொதித்தது. அது ஒரு கவலை. பனிப்போர்க் காலத்தில் இலங்கை அரசு அமெரிக்கா, பாகிஸ்தான், இஸ்ரேல் ஆகிய நாடுகளின் பக்கம் சாய்வது இன்னொரு கவலை. இலங்கைக்கும் தன் கவலை இருந்தது. ஒரு பெரிய நாடு தன் தெற்கே உள்ள சிறிய நாட்டுக்குள் ஆயுதக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் எந்த அரசுதான் சும்மா இருக்கும்? இரண்டு பக்கத்தின் அச்சமும் பொய்யல்ல. இந்த இரண்டு அச்சங்களும் மோதிய இடத்தில்தான் எங்கள் ஊர்கள் இருந்தன.

1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு நடந்தது. அங்கே ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் பிரதமர் ராஜீவ் காந்தியும் பேசினார்கள். கிழக்கு மாகாணத்தை மூன்றாகப் பிரிப்பது, தமிழருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, சிங்களவருக்கு ஒன்று என்ற யோசனை அப்போது மேசைக்கு வந்தது. ஒரு மாதம் கழித்து நட்வர் சிங், ப. சிதம்பரம் இருவரும் கொழும்புக்கு வந்தார்கள். டிசெம்பர் 19 யோசனைகள் என்று வரலாற்றில் பதிவானது அதன் விளைவு. அதில் அம்பாறைத் தேர்தல் தொகுதியின் சிங்களப் பெரும்பான்மைப் பகுதிகளை நீக்கிவிட்டு மீதிக் கிழக்கை ஒரு மாகாணமாக்கலாம் என்ற கருத்து இருந்தது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1961இல்தான் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து அதே மண்ணைப் பெங்களூரிலும் கொழும்பிலும் பென்சிலால் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பென்சில் கோடுகளுக்குள் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறிமாறிக் கடற்கரை வழியே நிற்கும் வீதி இருந்தது. ஒரே வாய்க்கால் தண்ணீரில் விதைக்கிறோம், ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். எந்தக் கோடு எந்த வேலியோடு போகும் என்று எங்களிடம் யாரும் கேட்டதாக எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவில்லை.

பிறகு 1987 வந்தது. ஜூன் 4ஆந் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. எட்டு வாரத்தில் ஒப்பந்தம். கொழும்பில் ஊரடங்கு. பிரதமர் பிரேமதாச அந்த நிகழ்வில் கலந்துகொள்ளவில்லை. கையெழுத்திட்ட மறுநாள், அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு கடற்படைச் சிப்பாய் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிப் பிடியால் அடித்தார். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

ஒப்பந்தத்தை நான் வளர்ந்தபின் முழுதாக வாசித்தேன். ஒரு வைத்தியர் மருந்துத் துண்டை வாசிப்பதுபோல, ஒவ்வொரு வரியும் யாரில் என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டு வாசித்தேன். இலங்கை பல இனங்கள் வாழும் நாடு, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று நான்கு இனத்தவர் இருக்கிறார்கள் என்று அது ஒப்புக்கொள்கிறது. வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்கள் வரலாற்று ரீதியாக வாழ்ந்த பகுதிகள், அவர்கள் ஏனைய இனத்தவரோடு சேர்ந்தே வாழ்ந்தார்கள் என்கிறது. இரண்டு மாகாணங்களும் தற்காலிகமாக இணைக்கப்படும் என்கிறது. பிறகு, 1988 டிசெம்பர் 31ஆந் திகதிக்கு முன் கிழக்கில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, இணைந்திருப்பதா பிரிவதா என்று மக்களைக் கேட்க வேண்டும் என்கிறது. ஜனாதிபதி விரும்பினால் அதை ஒத்திவைக்கலாம் என்றும் கூடவே ஒரு வரி.

அந்த ஒரு வரி பதினெட்டு வருடம் வேலை செய்தது. வாக்கெடுப்பு ஒருபோதும் நடக்கவில்லை. வருடா வருடம் ஒத்திவைத்தார்கள். 2006 ஒக்டோபர் 16இல் இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனி மாகாணமாயிற்று. சேர்த்தபோதும் எங்களைக் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை. இணைப்பு நல்லதா பிரிவு நல்லதா என்பதில் இந்த மண்டபத்திலேயே இரண்டு மூன்று கருத்து இருக்கும். இருக்கட்டும். கேட்டிருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

என்னோடு பணியாற்றும் கல்முனையைச் சேர்ந்த வைத்தியர் ஒருவரின் உம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "உங்களையாவது ஆரோ ஒருத்தர் ஆதரிக்க வந்தாங்க மகள். எங்களை ஒப்பந்தத்தில பேர் மட்டும் போட்டாங்க." அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லுக்குள் முஸ்லிம்களும் அடக்கம் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். அடக்கப்பட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. 1988 நவம்பரில் வடக்கு-கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தபோது, எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் தலைமையில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களை வென்றது. மேசையில் இடம் கொடுக்காதவர்களுக்கு இந்தக் கடற்கரை வாக்குச்சீட்டால் கொடுத்த பதில் அது.

ஒப்பந்தத்தோடு இரண்டு தலைவர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். அவற்றில் எங்களைப் பற்றி ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் படை, உளவு ஆலோசகர்களை இலங்கை வைத்திருப்பது பற்றி, திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் கொடுக்கக் கூடாது என்பது பற்றி, அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள் பற்றி, வெளிநாட்டு வானொலி நிலையங்கள் பற்றி எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரர் கட்டிய அந்த எண்ணெய்த் தாங்கிகளைச் சேர்ந்து நடத்துவதற்கான உடன்படிக்கை 2022 ஜனவரியில்தான் கையெழுத்தாயிற்று. அரசாங்கங்கள் மாறின, யுத்தம் முடிந்தது, தாங்கிகளை மட்டும் முப்பத்தைந்து வருடமாக ஒருவரும் மறக்கவில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு வரும்போது தன் தேவையையும் கொண்டுதான் வருகிறது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அறியாமல் இருப்பதுதான் பிழை. டிக்சித் இதை மறைக்கவில்லை. இந்தியாவின் நலனுக்காகவே தான் அனுப்பப்பட்டேன் என்ற தெளிவோடுதான் எழுதுகிறார்.

கெட்டதை மட்டும் சொன்னால் நான் நேர்மையானவளாக இருக்க மாட்டேன். அந்த ஒப்பந்தத்தின் பிள்ளைதான் 1987 நவம்பரில் வந்த பதின்மூன்றாவது திருத்தம். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது அதுதான். மாகாண சபைகள் வந்ததும் அதனால்தான். மாகாண சபைக்குச் சுகாதாரம் பகிரப்பட்டது. எங்கள் திருக்கோவில் ஆதார வைத்தியசாலை மாகாண நிர்வாகத்தின் கீழ் வருவதும், கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையிலிருந்து எங்களுக்கு மருந்து வருவதும் அந்த வழியில்தான். வரிசையில் நிற்கும் ஒரு தாய், தன் கையிலுள்ள கிளினிக் கொப்பிக்கும் 1987இல் கொழும்பில் போடப்பட்ட இரண்டு கையெழுத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று நினைக்கமாட்டாள். ஆனால் இருக்கிறது.

வெளிநாட்டுக் கொள்கை எங்கள் கடலுக்கும் வந்தது. ஷேர்லி அமரசிங்க என்ற இலங்கை இராஜதந்திரி, ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் தலைமை தாங்கினார். வேலை முடியுமுன் 1980இல் காலமானார். 1982இல் நிறைவேறிய அந்தச் சமவாயம்தான், கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமை அந்தந்த நாட்டுக்குரியது என்று உறுதி செய்தது. எங்கள் கடற்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரருக்கு அவர் பெயர் தெரியாது. அந்த மனிதர் மேசையில் வாதாடிப் பெற்றது அவர்களுடைய வலைக்குள் இருக்கிறது.

ஆனாலும் 1987க்குப் பின் எங்களுக்கு என்ன நடந்தது? அமைதி காக்க வந்த படை ஒக்டோபரில் போரில் இறங்கியது. ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய வீரர்கள் இந்த மண்ணில் இறந்தார்கள். எங்கள் மக்கள் எத்தனை பேர் என்று சரியாக எண்ணக்கூட இல்லை. 1990 மார்ச்சில் கடைசி இந்திய வீரனும் கப்பலேறினான். ஜூனில் மறுபடி யுத்தம். எனக்குப் பத்து வயது. ஒரு பையில் பாடசாலைச் சட்டையும் அம்மம்மாவின் குங்குமச் செப்பும் மட்டும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடினோம். இங்கே இருக்கும் என் வகுப்புத் தோழிகள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு பை இருந்தது. சிலருடைய வீட்டில் பையோடு ஆள் திரும்பவில்லை. அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் ஏறாவூரிலும் உள்ள எங்கள் முஸ்லிம் சகோதரிகளுக்கும் அந்த வருடம் அப்படித்தான். யார் வீட்டு இழப்பு பெரியது என்று நான் அளக்க வரவில்லை.

இப்போது புத்தகத்துக்குத் திரும்புகிறேன். டிக்சித் தன் நூலின் பிற்பகுதியில் கணக்குப் பார்க்கிறார். இந்தியா எங்கே பிழைத்தது, தன் கணிப்பு எங்கே பிழைத்தது என்று எழுதுகிறார். விடுதலைப் புலிகளின் உறுதியைக் குறைத்து மதிப்பிட்டதை ஒப்புக்கொள்கிறார். எங்கள் தொழிலிலும் அப்படி ஒன்று உண்டு. ஒரு நோயாளி இறந்தால், பிறகு எல்லோரும் கூடியிருந்து கோவையைத் திறந்து, எந்த நாளில் எந்த முடிவு பிழைத்தது என்று பேசுவோம். அது இலகுவல்ல. ஒரு பெரிய அதிகாரி அதைப் புத்தகமாக எழுதியதற்காக நான் அவரை மதிக்கிறேன். ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒரு குறை உண்டு, அவர் புத்தகத்திலும் அதே குறை உண்டு. இறந்தவரின் வீட்டார் அந்த அறையில் இல்லை.

இதை நான் எப்படி அறிந்தேன் என்றால், நானே அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். பயிற்சி முடித்த புதிதில் ஒரு வைத்தியசாலையில் கடமையாற்றினேன். உள்ளூர்க் கிராமமொன்றிலிருந்து வந்த ஒரு தாய்க்கு இன்சுலின் எழுதினேன். அடுத்த முறை வந்தபோது சீனி குறையவில்லை. அதற்கடுத்த முறை இன்னும் கூடியிருந்தது. கோவையில், 'அறிவுறுத்தலைப் பின்பற்றாதவர்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எனக்குப் பின் பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் அதை வாசித்துவிட்டு அவரை ஏசினார்கள். ஒருநாள், அதே ஊரைச் சேர்ந்த தாதி ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "டொக்டர், அவட வீட்ட கரண்ட் இல்ல. மருந்த கடைக்காரர்ர பிரிட்ஜில வச்சிருந்தவ. கடை பூட்டி ரெண்டு மாசம்." அந்தத் தாய் தினமும் ஊசி போட்டிருக்கிறார். வெயிலில் கெட்டுப்போன மருந்தைப் போட்டிருக்கிறார். மண்பானையில் ஈரத் துணி சுற்றி வைத்தால் ஓரளவு தாங்கும் என்று அன்றுதான் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாளே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஆறு மாதம் போயிருக்காது. கோவையை எழுதியவள் நான், ஆகவே பிழை அவருடையதாயிற்று.

எழுதுபவர் கையில்தான் காரணம் இருக்கிறது. வைத்தியரின் கோவைக்கும் இராஜதந்திரியின் நினைவுக் குறிப்புக்கும் இது பொருந்தும்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவத்துக்குப் போனவர்களுக்குப் பாரதக் கதை தெரியும். கண்ணன் அஸ்தினாபுரத்துக்குத் தூது புறப்படுகிறார். பாண்டவர் ஒவ்வொருவரும் தங்கள் எண்ணத்தைச் சொல்கிறார்கள்.  கடைசியில் திரௌபதை வருகிறாள். அவிழ்ந்த கூந்தலைக் காட்டி, நீ பேசப் போகும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள் என்ற பொருளில் கேட்கிறாள். அவள் கேட்டது சரியா, அதனால் யுத்தம் வந்ததா என்பது வேறு விவாதம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தூது போகிறவர் படியிறங்கு முன், பாதிக்கப்பட்டவள் அவர் முன்னால் நின்று பேசினாள். அம்மம்மா அடுப்படியில் கேட்ட கேள்வியை எந்தத் தூதுவர் முன்னாலும் நின்று கேட்க அவவுக்கு வழி இருக்கவில்லை.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் அதிகம் பேரைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அப்போது நான் மருத்துவ மாணவி. பல நாட்டு உதவிகள் இந்தக் கரைக்கு வந்தன. யார் தந்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடித்தோம். ஆனால் அந்த உதவியைப் பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கை 2005 ஜூனில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையே கையெழுத்தானபோது, முஸ்லிம்கள் கையெழுத்திடும் தரப்பாக இருக்கவில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதமே நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்தி வைத்தது. பதினெட்டு வருடம் கழித்தும் அதே குறை. ஆக, பிழை டிக்சித் என்ற ஒரு மனிதருடையது மட்டுமல்ல. மேசை போடப்படும் விதத்திலேயே அது இருக்கிறது.

மேசை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், இது பெண்கள் பாடசாலை என்பதால். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார் என்று படித்தோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ஒரு பெண்ணைத் தூது அனுப்பிய மொழி எங்களுடையது. ஆனால் சுதந்திர இந்தியாவின் வெளிநாட்டுச் சேவைக்கு 1949இல் முதல் பெண்ணாகத் தெரிவான சி. பி. முத்தம்மா, திருமணம் செய்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. குடகு நாட்டில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ண ஐயர், ஒரு பெண் திருமணத்துக்கு அரசிடம் அனுமதி பெற வேண்டும் என்ற விதி ஆணுக்கு இல்லாமல் பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று கடுமையாகக் கேட்டு, விதிகளைத் திருத்தும்படி அரசுக்கு எடுத்துரைத்தார். இலங்கையில் 1958இல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்த முதல் பெண் மானெல் அபேசேகர. 1982இல் ஓர் இலங்கையர் இத்தாலிய விமானத்தைக் கடத்திப் பாங்கொக்கில் இறக்கியபோது, அங்கே எங்கள் தூதுவராக இருந்தவர் அவர். கடத்தியவருடன் பேசியவர்களுள் அவரும் ஒருவர். தன் நினைவுக் குறிப்புக்கு அவர் வைத்த தலைப்பு 'மேடம் சேர்'. ஒரு பெண் அந்த நாற்காலியில் இருந்தால் எப்படி அழைப்பதென்று தெரியாமல் தடுமாறிய ஒரு காலத்தின் கதை அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. தேடி வாசியுங்கள்.

பின்வரிசைத் தங்கைமாரே, இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கான போட்டிப் பரீட்சையைத் தமிழ் மொழியிலும் எழுதலாம். பட்டம் பெற்றபின் வயதெல்லைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று மூன்று கதவுகளை மட்டும் பெற்றோர் காட்டுவார்கள். நான் அதில் ஒரு கதவால் போனவள், குறை சொல்லவில்லை. நாலாவதாக இப்படியும் ஒரு கதவு இருக்கிறது. அந்த வேலைக்கு வேண்டியது மூன்று மொழி, நிறைய வாசிப்பு, மற்றவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கும் பொறுமை. தமிழையும் முஸ்லிம் அயலையும் சிங்களச் சந்தையையும் சிறு வயதிலிருந்தே பார்த்து வளரும் இந்தக் கரைப் பிள்ளைக்கு அது புதிதல்ல.

எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு என்றால் கட்டடம் கட்டுவோம், வாசலில் வளைவு போடுவோம். போடுங்கள், நானும் பணம் தருகிறேன். அதோடு நூலகத்தில் ஓர் அலுமாரியை ஒதுக்குங்கள். ஒவ்வொரு பழைய மாணவியும் இரண்டு பக்கம் எழுதட்டும். 1987இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? 1990இல் எதை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்? கடல் வந்த காலை யார் உங்களைத் தூக்கினார்? டொரொன்டோவிலும் லண்டனிலும் டோஹாவிலும் இருப்பவர்கள் குரற்பதிவாக அனுப்பினாலும் போதும், இங்குள்ள பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. திகதி, இடம், என்ன கண்டீர்கள் என்பது இருந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். மற்றவர் வீட்டு இழப்பையும் கண்டிருந்தால் அதையும் எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் வகுப்பு ஆண்டை மட்டும் போடுங்கள்.

ஏன் அவசரம் என்றால், என் அம்மம்மா 2011இல் காலமானா. கடைசிக் காலத்தில் நான் அவவின் இரத்த அழுத்தத்தை நாளுக்கு இரண்டு தடவை எழுதி வைத்தேன். அன்று வானொலியடியில் ஏன் அப்படிக் கேட்டா, அந்த அடுப்படியில் என்ன நினைத்தா என்று ஒருநாளும் கேட்டு எழுதவில்லை. தலையணைக்குக் கீழ் அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பத்தொரு பக்கம், எல்லாம் இலக்கங்கள்.

முன்வரிசையில் இருக்கும் எங்கள் ஆசிரியர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். தேநீருக்கு எழும்பும்போது அவர்களில் ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள். மிச்சத்தை அவர்கள் சொல்வார்கள்.

செயலாளர் அக்கா மணிக்கூட்டைப் பார்க்கிறார்.